இரண்டு தட்டு தட்டினால் போதும்

அத்தியாயம் 11

மாமனாருக்குத் தபால்காரர் வேலை அலுத்துப்போயிருந்தது.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் லிஃப்ட் பழுதுபார்த்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வியர்த்துப்போனவர்களை வெளியே இழுத்துப் போட்டுப் பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மருமகள்களுக்கு நடுவே, அதுவும் நாலு பேர் நிற்க முடியாத சமையலறையில், தானே மாட்டிக்கொள்வோம் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"மாமா, ரொட்டி வாட்டுற மெஷின் அவங்களுக்கு வேணுமான்னு கேளுங்க. வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன்" என்றாள் சின்னவள்.

பெரியவள் அந்த மெஷினிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க மாமா."

"வேண்டாமாம்" என்று மாமனார் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "ஸ்டாம்ப் ஒட்டணுமா, இப்படியே போகுமா?"

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. சேர்ந்து சிரித்தால் பேசினதாகக் கணக்காகிவிடும் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. சின்னவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பெரியவள் தேநீரை நின்றபடியே குடித்தாள்.

ஓரகத்திகள் இருவரும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இந்தக் குடும்பத்தோடு பழகிவிட்டவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம், தப்பில்லை.

பெரியவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, சின்ன ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'வலிக்காத ஊசி' என்று பெயர். விரல் நுனியால் இரண்டு தரம் தடவினால் போதும், எப்பேர்ப்பட்ட ஒளிந்துகொள்ளும் நரம்பும் அகப்பட்டுவிடும். பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான், எடுத்தாகிவிட்டது என்பதே பலருக்குத் தெரியும். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். வீட்டு ரவுண்டு என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு நாள் காலை, ஒரு குடியிருப்பின் நாலாவது மாடி. ரத்தம் எடுத்துப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தபோது, ரத்தம் கொடுத்த ஆளே எழுந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "என்ன அவசரம், உட்காருங்க" என்று சிரித்தான். அவளுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. எதிர்வீட்டு அம்மாள் எதற்கோ அழைப்புமணியை அடித்தாள், அவன் கையை விட்டான், இவள் படியிறங்கி ஓடிவந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அவ்வளவுதான் அவளைவிட்டுப் போகவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் சொன்னாள். பட்டியலிலிருந்து அந்த ஆள் பெயரை அடித்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாள். அன்று சாப்பாட்டு மேசையில், வீட்டிலும் சொன்னாள். கேட்டவுடன் சின்னவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் அந்த ஆள் மேல்தான். ஆனால் வார்த்தை வேறு பக்கம் பாய்ந்தது.

"ஏன்க்கா கத்தலை? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

பெரியவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சின்னவளும் முறுக்கிக்கொண்டாள். கட்டிய கணவன்மார்கள், அண்ணனும் தம்பியும், இதில் தலையிட்டால் தலை உருளும் என்று தெரிந்து நழுவிவிட்டார்கள். வீட்டு ரவுண்டும் நின்றது. பெரியவள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து குழாய்களுக்கு லேபிள் ஒட்டத் தொடங்கினாள்.

மாமனார் மட்டும் சும்மா இருக்கவில்லை. டயர் கடை மாடியில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று தரையில் புரண்டு பிடிக்கிற மல்யுத்தம் ஒன்று சொல்லித்தருகிறார்கள், தற்காப்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டார். ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியிடம் சொல்லி, இரண்டு பேரையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டார். அங்கே போய் ஒருவரையொருவர் பார்த்தபோது இருவர் முகமும் போன போக்கு நமக்கெல்லாம் நினைவிருக்கும். கோச் எடை பார்த்தார். இரண்டு பேரும் ஒரே எடை. "ஜோடி சரியா இருக்கு" என்று சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மாலை, பேசிக்கொள்ளாத இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் பரிசோதனைக் கூடத்து மேலாளர் பெரியவளைக் கூப்பிட்டுக் கெடு வைத்தார். அந்தக் கெடு இன்றைக்கு.

*

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று மேலாளர் மறுபடியும் ஆரம்பித்தார். எதைச் சொன்னாலும் இப்படி ஆரம்பிப்பது அவர் வழக்கம். "திங்கட்கிழமையிலேர்ந்து வீட்டு ரவுண்டுக்கு நிரந்தரமா ஒரு ஆளைப் போட்டாகணும். நீங்க போறீங்கன்னா உங்களுக்குத்தான். இல்லன்னா கவுண்டரையே வச்சுக்கங்க. ஆனா அப்புறம் மாத்திக் கேக்கக் கூடாது."

"சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணிச் சொல்றேன் சார்."

"கூடத்தை மூடுறதுக்குள்ள சொல்லிடுங்க."

கவுண்டருக்கு வந்தால், அங்கே ஒரு பழைய வாடிக்கையாளர் காத்திருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற அம்மாள். மூட்டுவலியோடு வாடகைக் காரில் வந்து இறங்கியிருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினார்.

"இதைப் பாருங்க. உங்களுக்குப் பதிலா வந்த ஆள் பண்ணின கைங்கரியம். கத்திரிக்காய் மாதிரி ஆயிடுச்சு."

பெரியவள் அந்தக் கையை விட்டுவிட்டு, அம்மாளின் மறு கையில் நரம்பைத் தேடினாள். அந்த அம்மாளின் நரம்பு வழுக்கும். ஒரு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஊசியை விட வேண்டும். விட்டாள். ரத்தம் குழாயில் ஏறியது. அம்மாள் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஆச்சும்மா" என்றாள் பெரியவள்.

"எடுத்தாச்சா? பார்த்தீங்களா, இதான் கை. எப்ப வீட்டுக்கு வருவீங்க? உங்ககிட்ட சொல்றதுக்குன்னு ஊர்ப்பட்ட கதை சேர்த்து வச்சிருக்கேன்."

பெரியவள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போக வேண்டும் என்று ஆசை ஆசையாக இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும் சத்தத்தை நினைத்தாலே அவள் மணிக்கட்டு அரித்தது. இப்போதும் அரித்தது. கவுண்டருக்குக் கீழே மறைத்துச் சொறிந்துகொண்டாள்.

கவுண்டரையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் மத்தியானம் வரை நினைத்திருந்தாள்.

*

டயர் கடை மாடியில் ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்திருக்கும். தரை முழுக்க நீலப் பாய்கள், கொஞ்சம் தடிமனானவை. சுவரோரம் எல்லோருடைய செருப்பும்.

கோச் குட்டையான பெண்மணி. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆட்களுக்கு ஃபிரேம் பொருத்திப் பார்க்கிறவர். காது இரண்டும் பல வருடம் பாயில் தேய்ந்து கசங்கிப்போயிருக்கும். அவருக்குத் துணையாக ஒரு நெடிய மனிதர், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற தொழில். எல்லோரும் அவரை மலை என்றே கூப்பிடுவார்கள். ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார்.

இந்த வித்தையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது பிடிப்பதை அல்ல, தட்டுவதை. கழுத்தோ கையோ வசமாக மாட்டிக்கொண்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அடுத்த நொடி அவர் விட்டுவிட வேண்டும். தட்டு விழுந்தும் விடாதவருக்கு அங்கே இடமில்லை.

நம் ஓரகத்திகளுக்குச் சிக்கலே அங்கேதான் வந்தது.

தட்டினால் என்ன அர்த்தம்? போதும், என்னை விடு என்று கேட்பதாக அர்த்தம். அதை அவளிடம் போய்க் கேட்பதா? வந்த நாளிலிருந்து பெரியவள் சின்னவளைத் தட்டியதில்லை. சின்னவளும் பெரியவளைத் தட்டியதில்லை. மாட்டிக்கொண்டவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள், கோச் கையிலுள்ள மணி அடிக்கும்வரை. மற்றவர்களிடம் தாராளமாகத் தட்டுவார்கள். மலையின் தோளில் சின்னவள் தட்டிய தட்டுக்குக் கணக்கே கிடையாது. கோச் பாவம், இந்த இரண்டு பேருக்கும் உடம்பு இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு மணி அடிக்கத் தாமதமாகிவிட்டது.

எப்படி நடந்தது என்று பெரியவளுக்குச் சரியாகத் தெரியாது. மேலே இருந்த இவள் புரண்டபோது முதுகைக் காட்டிவிட்டாள், அடுத்த கணம் சின்னவளின் கை அவள் தாடைக்குக் கீழே நுழைந்துவிட்டது. சின்னவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். அந்தக் கைக்குள் அகப்படும் மாவின் பாடு என்ன என்பது பெரியவளுக்கு அப்போது புரிந்தது. சின்னவளின் பயிற்சிக் கோட்டுக் கையில் வெனிலா வாசனை அடித்தது.

தட்டு என்று மூளை சொன்னது. கை எழுந்தது. இவளிடமா என்று மனசு கேட்டது. எழுந்த கை அந்தரத்தில் நின்றது.

பிறகு சுகமாக இருந்தது. வெளிச்சமான ஒரு வீடு. திறந்த ஜன்னல். யாரோ அவளுக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டி காலடியில் இருந்தது. திங்கட்கிழமை போலிருந்தது.

யாரோ அக்கா என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் வீடு கலைந்தது.

கண்ணைத் திறந்தாள். தான் ஏன் படுத்திருக்கிறோம், கால்கள் ஏன் மலையின் கையில் உயரத்தில் இருக்கின்றன என்று புரியவில்லை. முகத்துக்கு நேரே ஒரு முகம், கண்ணும் மூக்கும் ஒழுக. தெரிந்த முகம்தான். எந்த வீட்டு நோயாளி என்றுதான் பிடிபடவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது.

"வெறும் வயித்துலதானே இருக்கீங்க?"

முதலில் சிரித்தது கோச். பிறகு மலை, அவள் கால்களைப் பிடித்துக்கொண்டே. அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். டயர் கடைக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் கையில் வீல் ஸ்பேனரோடு, மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

"யாரோ கத்தினாங்களே? கீழே ஜாக்கியே ஆடிப்போச்சு."

அவர்களுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு மூச்சு வாங்க நின்றவர் வேறு யாருமில்லை, மாமனார்தான். வகுப்பு நாளிலெல்லாம் டயர் கடையில் உட்கார்ந்து மாடியையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம் என்பது அப்போதுதான் மருமகள்களுக்குத் தெரிந்தது.

"யாரு கத்தினது?" என்று கேட்டார்.

"இந்தம்மாதான். அக்கான்னு" என்றார் மலை.

"ஓ, சின்னவளா முதல்ல பேசினது" என்று மாமனார் தேநீரை ஒரு வாய் குடித்தார். ஆபத்து ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் குடித்தார்.

*

கோச் பெரியவளின் கண்ணைப் பார்த்தார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், தண்ணீர் கொடுத்தார். "சில நொடிதான் மயங்கிட்டீங்க. ஒண்ணும் ஆகலை. ஆனா இன்னிக்குத் தரையில புரளுறது கிடையாது. உட்காருங்க" என்றார். வந்தவர்களைக் கீழே அனுப்பினார். மாமனார் மெதுவாகத்தான் போனார்.

சின்னவள் பெரியவளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா தட்டலை?" என்று கேட்டாள். "தட்டியிருந்தா விட்டிருப்பேனே. நீங்க தட்டலைன்னதும் பிடி சரியா விழலைன்னு நினைச்சுட்டேன். ஏன் தட்டலை?"

பெரியவளுக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"உனக்குக் கேக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதானா? ஏன் கத்தலை, ஏன் தட்டலை. அவன் கையைப் பிடிச்சது தப்புன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலை. நான் கத்தலைங்கிறதுதான் உனக்குப் பெரிசாத் தெரிஞ்சுது. தினமும் நானே என்னை அதைத்தான் கேட்டுக்கிறேன். பல்லு விளக்கும்போது கேக்கறேன். லேபிள் ஒட்டும்போது கேக்கறேன். பதில் தெரிஞ்சா உனக்குச் சொல்லியிருக்க மாட்டேனா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோச் அவர்கள் பக்கத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். "உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தட்டுறது தோல்வி இல்லை. தட்டுறவங்கதான் அடுத்த வகுப்புக்கு வருவாங்க. ரெண்டு தட்டு தட்டினா போதும், அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இனிமே தட்டலைன்னா உங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுவேன்."

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் மாதிரி தலையாட்டினார்கள்.

கடைசிப் பயிற்சிக்கு எல்லோரும் எழுந்தார்கள். மாதக் கடைசியில் மட்டும் வைக்கிற பயிற்சி. மலை கதவில் சாய்ந்து நிற்பார். வருகிறவரின் மணிக்கட்டைப் பிடிப்பார். பிடியை உடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். விடு என்று கத்தவும் வேண்டும். கோச் அதைச் சொல்லி முடிக்குமுன்னே பெரியவள் மணிக்கட்டைச் சொறிய ஆரம்பித்துவிட்டாள்.

சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நான் முதல்ல போறேன் கோச்" என்றாள்.

விறுவிறுவென்று போனாள். பேக்கரியில் வாடிக்கையாளர் தகராறு செய்தால் கவுண்டரைத் தாண்டிக் குதித்துப் போகிறவள் அவள். எதிர்த்த வீட்டு நாய்கூட அவள் அதட்டலுக்கு வாலை மடக்கும். மலை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு, பயிற்சியில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதால், முகத்திலிருந்த மென்மையைத் துடைத்துவிட்டு, "எங்க போற?" என்றார்.

சின்னவள் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. பிடிபட்ட கை அப்படியே கிடந்தது. இத்தனை நாள் பழகிய கை, மாவு பிசைகிற கை, ஈரத்துணி மாதிரி தொங்கியது. கொஞ்ச நேரம் முன்னால் டயர் கடையையே ஆட்டிவைத்த தொண்டையில் இப்போது காற்றுத்தான் போய்வந்தது. கண் மட்டும் அகலமாகிக்கொண்டே போனது.

"போதும் மலை" என்றார் கோச்.

மலை உடனே கையை விட்டு, நிஜமாகவே வருந்தி நின்றார். "எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்று கோச் பொதுவாகச் சொன்னார். "உடம்பு உறைஞ்சு போயிடும். அது கோழைத்தனம் இல்லை. குரல் வரலைன்னா குரலுக்காகக் காத்திருக்காதீங்க. கை முந்திக்கொண்டு போகட்டும். அதுக்குத்தான் கையைப் பழக்குறோம்."

சின்னவள் திரும்பி நடந்து வந்தாள். பெரியவள் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வரலைக்கா" என்றாள். "அது மலைன்னு தெரியும். விளையாட்டுன்னு தெரியும். கோச் பக்கத்துலயே நிக்கிறாங்க. அப்படியும் வரலை." மூக்கை உறிஞ்சினாள். "என் வாயிலயும் கொழுக்கட்டைதான்."

சின்னவள் கையை நீட்டி, பெரியவளின் புஜத்தில் தட்டினாள். ஒன்று. இரண்டு.

"என்னடி இது?"

"தட்டுறேன். அன்னிக்கு அப்படிக் கேட்டது தப்பு. விட்டுடுங்க."

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமினாள். சின்னவளின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெனிலா வாசனை. இத்தனை நாள் இந்த வாசனை இல்லாமல்தான் சமையலறை என்னவோபோல் இருந்தது.

"விட்டுட்டேன் போ" என்றாள். "எப்பவோ விட்டிருப்பேன். நீ தட்டினாத்தானே."

பிறகு எழுந்தாள். "கோச், நான் போகட்டுமா? நின்னுக்கிட்டுப் பண்றதுதானே."

கோச் மறுபடியும் அவள் கண்ணைப் பார்த்தார். "மெதுவா" என்றார்.

மலை மணிக்கட்டைப் பிடித்தார். அதே இடம். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு. எதிர்பார்த்தபடியே, குரல் வராது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. சரி, வராவிட்டால் போகட்டும் என்று முதன்முறையாக அதை அதன் பாட்டுக்கு விட்டாள்.

கை முந்திக்கொண்டு போயிற்று. கட்டைவிரல் பக்கமாகத் திரும்பியது, முழங்கை முன்னால் பாய்ந்தது, பிடி கழன்றது. மலை மறு கையால் வளைக்க வந்தார். அவள் இடுப்பைத் தாழ்த்தி அந்தக் கைக்கு அடியிலேயே புகுந்து அவர் முதுகுப் பக்கம் வந்துவிட்டாள். நரம்பு தேடுகிற விரல்கள் கதவின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தன. கதவு திறந்தது. பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது, நிற்கலாம். அவள் நிற்கவில்லை. வெறுங்காலோடு, வெள்ளைக் கோட்டும் இடுப்புக் கச்சையுமாகப் படியில் இறங்கி ஓடினாள். பாதிப் படியில் குரல் வந்து சேர்ந்தது.

"விடு" என்று கத்தினாள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

டயரைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்த கடைக்காரர் அதை அப்படியே தரையில் விட்டார். "நான் ஒண்ணும் பிடிக்கலையேம்மா" என்றார்.

பெரியவள் தெருவில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். குரல் வந்ததுதான், கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்த வரைக்கும் லாபம். மேலே ஜன்னலில் கோச், மலை, சின்னவள் என்று முகங்கள் வரிசையாகத் தெரிந்தன, அத்தனையும் கைதட்டிக்கொண்டு.

"மாமா, உங்க போனைக் கொடுங்க" என்றாள்.

*

மேலாளர் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், வீட்டு ரவுண்டு நான் போறேன்."

"நிஜமாத்தானே? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"படியிறங்கி வந்தேன் சார். திங்கட்கிழமை என் பேரைப் போட்டுக்கங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. முதல் வீடு எதுன்னு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. அந்த நாலாவது மாடி. அந்த ஆள் இல்லை, எதிர்வீட்டு அம்மா. அன்னிக்கு மணியடிச்சாங்களே, அவங்க. இடுப்புல அடிபட்டுப் படுத்திருக்காங்க. உங்களைத்தான் அனுப்பணும்னு சொல்லிக் கேட்டாங்க."

"அவன் இன்னும் அங்கதான் இருக்கானா சார்?"

"தெரியலையே. அந்த ஒரு வீட்டுக்கு வேணும்னா வேற ஆளை அனுப்பறேன்."

பெரியவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மலையின் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. அரிக்கவில்லை.

"வேண்டாம் சார். அன்னிக்கு அவங்க அடிச்ச மணியாலதான் நான் வெளியில வந்தேன். நானே போறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது சின்னவள் இரண்டு ஜோடிச் செருப்புகளோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நானும் வரேன்" என்றாள்.

"உனக்குக் காலையில பேக்கரி இருக்கே."

"ஒரு நாள் பன் லேட்டா வெந்தா யாரும் செத்துட மாட்டாங்க. கீழ வாசல்ல நிக்கிறேன்."

"மாடிக்கு நான் மட்டும்தான் போவேன்."

"மாடிக்கு நீங்க மட்டும்தான். நான் கீழ நிக்கிறேன்."

மாமனார் பழக்கத்தில் பெரியவள் பக்கம் திரும்பினார். "அவ கீழ நிப்பாளாம்."

"காது கேக்குது மாமா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

தன் தபால்காரர் வேலை போய்விட்டது என்று புரிய மாமனாருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் டயர் கடைக்காரரிடம் போய், எல்லோருக்கும் தேநீர் தன் செலவு என்று அறிவித்தார்.

ஓரகத்திகள் கடை வாசலில் அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டார்கள். சின்னவள் குனிந்தபடியே, சத்தத்தைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்க அந்தம்மா வீட்டுல இருக்கும்போது எதிர்க்கதவு திறந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

பெரியவள் யோசித்தாள். நாலாவது மாடி நடையும், எதிரெதிரே இரண்டு கதவுகளும் கண்முன் வந்தன. பயம் இருந்தது, இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"கை பார்த்துக்கும்" என்றாள். "கத்துறதை நீ பார்த்துக்க. உனக்காகக் கத்தச் சொன்னாத்தான் உனக்கு வராது. அக்கான்னு கத்தச் சொன்னா ஜாக்கியே ஆடுது."